வெள்ளை நகரமும் சம்பா கோயில் சுவரும்

பாண்டிச்சேரிக்குப் போய்வந்தவர்கள் எழுதுவதெல்லாம் ஒரே கட்டுரைதான். மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலையில் ஒரு நடை, பிரெஞ்சுப் பெயரில் ஒரு காப்பிக்கடை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கல்லூரிச் சுற்றுலா போன பிள்ளைகளும் அதையேதான் கொண்டுவந்தார்கள். "அண்ணே, வெளிநாட்டுல நிக்கிற மாதிரியே இருந்துச்சுண்ணே" என்றான் ஒருவன். சேரியில் பிறந்த பிள்ளை. அவன்மேல் கோபமில்லை. அவனுக்கு அந்த ஊரைக் காட்டியவர்கள்மேல்தான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'ஒயிட் டவுன்' என்கிறார்கள். கடலோரம் வெள்ளையர், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே கறுப்பர் என்று பிரித்த காலத்துப் பெயர். 'கறுப்பர் நகரம்' என்று சொல்லக் கூசி அதை மட்டும் மறைத்துவிட்டு, வெள்ளையை விலைக்கு வைத்திருக்கிறார்கள். சரி, அந்தக் கறுப்பர் நகரமாவது எல்லாருக்குமா இருந்தது? வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி, செட்டித் தெரு என்று சாதிக்கொரு தெரு. பறையருக்கு இடம் அதற்கும் வெளியே. வந்தவன் ஒரு கோடு போட்டான். இருந்தவன் போட்டுவைத்திருந்த கோடுகளை அவன் அழிக்கவில்லை. இன்று இரண்டுக்கும் சேர்த்துப் 'பாரம்பரியம்' என்று பெயர்.

ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் தூண்களைப் படம் எடுக்கிறார்கள். அவருடைய நாட்குறிப்பைப் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? சனங்களை ஏமாற்றிப் பிடித்து, அடைத்துவைத்து, மஸ்கரேன் தீவுகளுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றிய சேதி 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. 1745இல் இன்னொன்று. சம்பா கோயிலுக்குள் பறையர் ஒருபக்கம், சாதிக் கிறித்தவரும் வெள்ளையரும் மறுபக்கம், நடுவே சுவர். ஏசுவுக்கு முன்னாலும் சுவர்! பறையர்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிந்தது. எழுதிவைத்த துபாசி நமக்கு வேண்டப்பட்டவரல்ல. அதனாலேயே அந்தச் சாட்சியத்துக்குப் பலம் அதிகம். இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கேட்டு இடித்த சுவர் அது. எந்த வழிகாட்டிப் புத்தகம் இதைச் சொல்கிறது?

பிரேசிலில் சால்வடோர் என்றொரு கடற்கரை நகரம். அதையும் பயணிகள் இப்படித்தான் எழுதுகிறார்கள்: வண்ண வீடு, முரசு, திருவிழா. 1549இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது, 1763வரை தலைநகரம். பாகியா என்ற அந்த வட்டாரத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கினார்கள். 1888இல்தான் அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்தது. பயணிகள் மொய்க்கிற பழைய பகுதியின் பெயர் பெலோரின்யோ. கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிற கம்பம் என்று அர்த்தம். 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், 1990களில் வீடுகளுக்குச் சாயம் பூசியபோது அங்கே குடியிருந்த ஏழைக் கறுப்புக் குடும்பங்களை வெளியேற்றியது. அயோக்கியத்தனத்துக்கு அங்கும் குறைவில்லை. ஆனால் பெயராவது சவுக்கைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதே பெலோரின்யோவில் 1979இல் பிறந்த ஓலோடும் என்ற கறுப்பர் முரசுக் குழுவும் அதை மறக்கவிடவில்லை. பாண்டியில் நாம் என்ன வைத்திருக்கிறோம்?

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுது? தேக்கடிக்குப் போகிறவர் கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் இறங்கிப் படம் எடுக்கிறார். குமுளி ஏறியதும் ஏலக்காய் வாசம் என்று எழுதுகிறார். அதே மலைச்சாலையில் பொழுது விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற நம்ம பொம்பளைகள் அந்தக் கட்டுரையில் ஒரு வரியில்கூட இல்லை. வாசம் மட்டும் எப்படித்தான் தனியாக வருகிறதோ!

அடுத்த சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இப்போது நிற்கிற சம்பா கோயில் பிறகு கட்டியது. பழையது 1761இல் ஆங்கிலேயர் நகரத்தை இடித்தபோது போய்விட்டது. பரவாயில்லை. உள்ளே போய், 1745இல் இடித்த சுவரைப் பற்றி ஒரு பலகையாவது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். இந்த இதழிலேயே போடுவோம்.