எந்த பி.சி.ஆர்.?

எங்க ஜனங்களுக்கு பி.சி.ஆர். என்றால் ஒரே அர்த்தம்தான். 1955ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று வந்தது. 1976ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் கிராமத்துப் பக்கம் எல்லா வழக்குக்கும் பேர் பி.சி.ஆர். கேசுதான். டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தவனுக்கு வயிற்றைக் கலக்கியது அந்த மூன்று எழுத்து.

இப்போது இன்னொரு பி.சி.ஆர். வந்திருக்கிறது. விலை உசந்த ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பச்சை இலை படம் ஒண்ணு இருக்கும். பக்கத்திலேயே பி.சி.ஆர். என்று அச்சடித்திருப்பார்கள். போஸ்ட் கன்ஸ்யூமர் ரீசைக்கிள்ட். அதாவது ஜனங்க பயன்படுத்தித் தூக்கியெறிஞ்ச பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, பிரிச்சு, கழுவி, அரைச்சு, உருக்கி, மறுபடி செஞ்ச பாட்டில். பூமியைக் காப்பாத்துறாங்களாம். நல்லது.

பொறுக்கி, பிரிச்சு, கழுவி. இந்த வினைக்கெல்லாம் எழுவாய் எங்கே? பாட்டிலின் முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை.

எழுவாய் எங்க அம்மா.

வடசென்னை கொடுங்கையூரில் 200 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது குப்பைமேடு. எங்க அம்மா இருபத்தஞ்சு வருஷமா அதுல ஏறி இறங்குது. கையில் ஒரு இரும்புக் கொக்கி, முதுகுல கோணி. நான் பி.காம். படிச்ச படிப்பு அந்தக் கோணியிலிருந்து வந்தது. இதை ஒளிச்சு வச்சுத்தான் காலேஜ்ல மூணு வருஷம் ஓட்டினேன். இப்ப ஒளிக்கிறதா இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு அழகுசாதனக் கம்பெனியிலிருந்து கேமராவோட வந்தாங்க. எங்க தெருப் பொம்பளைங்க அஞ்சு பேரை நிக்க வச்சாங்க. "அம்மா, இதைப் போட்டுக்குங்க"ன்னு ஒரு பொண்ணு புதுக் கையுறை ஜோடி ஒண்ணை அம்மாகிட்ட கொடுத்துச்சு. நீல நிறம். இருபத்தஞ்சு வருஷத்துல முதல் கையுறை. "சிரிங்கம்மா"ன்னாங்க. அம்மா சிரிச்சுது. படம் எடுத்து முடிஞ்சதும் அந்தப் பொண்ணு கையை நீட்டுச்சு. கை கொடுக்கத்தான் நீட்டுதுன்னு நெனச்சு எங்க அம்மாவும் நீட்டுச்சு. அந்தப் பொண்ணு கேட்டது கையுறையை. அடுத்த எடத்துலயும் படம் எடுக்கணுமாம். அம்மா கழட்டிக் கொடுத்ததை ஒரு பையில் போட வச்சு, விரல்நுனியால முடிச்சுப் போட்டு எடுத்துக்கிட்டுப் போச்சு.

போறதுக்கு முன்னால ஆளுக்கொரு லோஷன் பாட்டில் கொடுத்தாங்க. அம்மா மூடியைத் திறந்து மோந்துகூட பார்க்கல. பாட்டிலைத்தான் பார்த்துச்சு. மேல இருந்த பம்ப்பை ரெண்டு தடவை அமுக்கிச்சு. லேபிளை நகத்தால சுரண்டிச்சு.

"இத்த எவன் எடுப்பான்? உள்ளாற ஸ்பிரிங் கீது. பேப்பர் உரிய மாட்டேங்குது. கலரு வேற கறுப்பு. காயலான் கடைக்காரரு தூக்கி மூஞ்சில அடிப்பாரு."

அரை நிமிஷம் ஆகல. அந்தக் கறுப்பு பாட்டிலை வரைஞ்சவங்க எங்கெங்கயோ படிச்சிருக்கலாம். பழைய பிளாஸ்டிக்குல செஞ்ச அந்த பாட்டில் திரும்பவும் பழைய பிளாஸ்டிக்கா விலை போகாதுங்கிற சங்கதி அவங்களுக்குத் தெரியல. எங்க அம்மாவுக்குத் தெரியுது. அதை அங்க யாரும் நோட்டுல எழுதிக்கல.

அம்மா சொன்னதுல இருக்கற விஞ்ஞானத்தை நான் எழுதறேன். ஒரு லோஷன் பாட்டிலில் உடம்பு ஒரு பிளாஸ்டிக், மூடி ஒரு பிளாஸ்டிக். பம்ப்புக்குள்ள இரும்பு ஸ்பிரிங். பெட் பிளாஸ்டிக்கும் மூடி பிளாஸ்டிக்கும் சேர்ந்து உருகாது. தண்ணியில போட்டா பெட் முங்கும், மூடி மிதக்கும். பி.வி.சி.யும் பெட் மாதிரியே முங்கும். அது ஒண்ணு ரெண்டு கலந்தாலே உருக்குற சரக்கு கெட்டுப் போகும். அதனால ஓரத்துல தீ வச்சு மோந்து பார்த்துப் பிரிக்கறாங்க. அந்தப் புகையை இழுக்கறது எங்க மூக்கு. கிரீம் ட்யூப் இருக்கே, அதுக்கு நடுவுல அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். பிரிக்கவே முடியாது. அதை யாரும் வாங்க மாட்டாங்க.

நிறத்துக்கும் விலை உண்டு. கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக்குக்கு நல்ல விலை. கலர் கலந்தா விலை குறையும். கறுப்புக்கு எல்லாத்தையும் விடக் குறைச்சல். கறுப்பிலிருந்து கறுப்பைத்தான் செய்ய முடியும், வேற நிறம் ஏறாது. பெரிய ஆலைகள்ல ஒளியைப் பாய்ச்சிப் பிரிக்கற எந்திரத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு இது புதுசாவா இருக்கு? சிவப்பழகு கிரீம் பேரை மாத்திக்கிட்டு விக்கிற நாட்டில், அந்த கிரீம் அடைச்ச டப்பாவுக்கும் நிறம் பார்க்கத்தான் செய்வாங்க.

இன்னொண்ணு. பி.சி.ஆர். பாட்டில் எங்க தெருவுல எந்த வீட்டுலயும் கிடையாது. எங்களுக்கு ஷாம்புன்னா கடை வாசல்ல சரம் சரமா தொங்குற பாக்கெட். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பைச் சின்ன பாக்கெட்டுல அடைச்சு விக்க ஆரம்பிச்சது ஏழைக்கும் எட்டட்டும்னுதான். எட்டிச்சு, நான் மறுக்கல. எங்க ஆத்தாமாருக்குச் சீயக்காய் வாங்கக்கூட வழியில்லாம இருந்துச்சு. ஆனா அந்த பாக்கெட் பல அடுக்குத் தாள். பொறுக்கினாலும் காசு இல்ல. மறுசுழற்சி ஆகற பாட்டில் அவங்களுக்கு, ஆகாத பாக்கெட் எங்களுக்கு. பாட்டில் மேட்டை விட்டு இறங்கிப் போயிடுது. பாக்கெட் எங்க வீட்டு வாசல்ல கிடந்து சாக்கடையை அடைக்குது. மழை வந்தா தண்ணி எங்க வீட்டுக்குள்ள.

மறுசுழற்சி என்னமோ மேல்நாட்டுக்காரன் கண்டுபிடிச்சதுன்னு கருத்தரங்கத்துல பேசறாங்க. மனுவே சட்டம் போட்டுட்டுப் போயிட்டான். சண்டாளன் ஊருக்கு வெளியே இருக்கணும், உடைஞ்ச பாண்டத்துல சாப்பிடணும், செத்தவன் துணியை உடுத்தணும், இரும்பு நகை போடணும். ஊர் கழிச்சதை எடுத்துக்கிட்டுப் பிழைக்கிறது எங்க மேல சுமத்துன விதி. அன்னைக்கு அதுக்குப் பேர் தர்மம், இன்னைக்கு சஸ்டெயினபிலிட்டி.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த பாட்டிலைச் சுடுதண்ணியிலயும் காஸ்டிக் சோடாவிலயும் கழுவறாங்க. அரைச்சு, உருக்கி, மணி மணியாக்கி அச்சுல ஊத்தறாங்க. சாக்கடையில கிடந்தது, நாய் மோந்தது, எங்க கையில இருந்தது, எல்லாம் போயிடுது. சீமாட்டிங்க மேஜையில, கண்ணாடிக்கு முன்னால போய் உக்காருது. பிளாஸ்டிக்குக்குத் தீட்டு கழிஞ்சுடுச்சு. அதைத் தொட்டு எடுத்த கைக்கு இன்னும் கழியல.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 2016 திடக்கழிவு விதிகளே குப்பை பொறுக்கறவங்களை முறையா சேர்த்துக்கணும்னு சொல்லிச்சு. 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு இன்னொரு விதி போட்டுச்சு. கெட்டி பிளாஸ்டிக் உறைகளில் 2025-26 முதல் 30 சதம் பழைய பிளாஸ்டிக் இருக்கணும், 2028-29ல் அது 60 சதமாகணும். கம்பெனிக்காரர் மறுசுழற்சி ஆலைக்காரர்கிட்ட சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். மறுசுழற்சி ஆகாத பாக்கெட்டை சிமெண்ட் சூளையில் எரிச்சாலும் கணக்கு தீர்ந்துடும். 2023ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை பண்ணப்போ சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ் அகப்பட்டுச்சு. எடுக்காத குப்பைக்குச் சான்றிதழ். எடுத்த எங்க அம்மாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. கம்பெனிக்கும் ஆலைக்கும் நடுவுல கைமாறுற சான்றிதழ் காசு மேட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கறது இல்ல.

சூழலியல் நண்பர் ஒருத்தர் கேட்டார்: "எல்லாத்துலயும் ஏங்க சாதியை இழுக்கறீங்க? பூமி எல்லாருக்கும் பொதுதானே?" பூமி பொதுதான் தோழர். குப்பைமேடு மட்டும் எப்படி வடசென்னைக்கு வந்துச்சு? இன்னொரு தோழர் இது வர்க்கப் பிரச்சினைன்னு முடிச்சுட்டார். ஏழைங்க எல்லா சாதியிலயும் இருக்காங்க. மேட்டுல எல்லா சாதியையும் எனக்குக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

நம்ம தோழர்கள் கேக்கறதுதான் எனக்கு வலிக்குது. "பொறுக்கற தொழிலை விட்டு வெளியே வரணும்னு சொல்லாம, அதுக்கு விலை கேக்கறியே? பாபாசாகேப் என்ன சொன்னார்?" 1927ல் மகத்துல செத்த மாட்டுக் கறியை விடு, எச்சில் சோத்துக்குக் கையேந்தாதேன்னுதான் சொன்னார். தெரியும். நான் அந்த மேட்டுல ஏற மாட்டேன். என் பிள்ளையும் ஏறாது. அது எங்க குலத்தொழில் இல்ல, பாரம்பரிய அறிவுன்னு யாரும் மாலை போட வேணாம். ஆனா வெளியே வான்னு சொல்றவங்க வெளியே என்ன வச்சிருக்காங்க? எங்க அம்மாவுக்கு அம்பத்தெட்டு வயசு. நாளைக்கு எரிஉலை வந்தா பாட்டில் எரிஞ்சு போகும், அம்மா கை வெறுங்கையாத்தான் இருக்கும். 2025ல் எரிஉலை வேணாம்னு எங்க ஏரியா ஜனங்க தெருவுல கைகோத்து நின்னாங்களே, அது குப்பை மேல இருக்கற ஆசையில இல்ல. புகையும் எங்களுக்கு, பட்டினியும் எங்களுக்கான்னுதான்.

அதனால ரெண்டும் கேக்கறேன். வெளியே வர்றதுக்கு வழி வேணும்: பிள்ளைங்களுக்குப் படிப்பு, பெரியவங்களுக்கு ஓய்வூதியம். வர்ற வரைக்கும் உழைப்புக்கு விலை வேணும்: கிலோவுக்குக் குறைஞ்சபட்ச விலை, சான்றிதழ் காசுல பங்கு, ஆஸ்பத்திரிச் செலவு, பாட்டில் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற எடத்துல ஒரு நாற்காலி. பம்ப்புல ஸ்பிரிங் வைக்காதேன்னு அம்மா அங்க உக்காந்து சொல்லட்டும். கூலி கொடுத்துக் கேக்கட்டும்.

அந்தக் கறுப்பு பாட்டில் இன்னும் வீட்டுல கிடக்கு. லோஷன் தீர்ந்து மாசக்கணக்காச்சு. அம்மா சொன்னபடியே காயலான் கடையில எடுத்துக்கல. பி.சி.ஆர்.ங்கிற எழுத்து மட்டும் அழியாம இருக்கு.

படிச்சவங்க, வக்கீலுங்க, இந்தப் பத்திரிகையை வாசிக்கிற தோழர்கள் எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்க அம்மா போட்டுக் கழட்டின கையுறையை விரல்நுனியால முடிச்சுப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்களே, அது எந்த பி.சி.ஆர்.ல வரும்?