மேற்கோள் அறுந்த வரைபடங்கள்

அடிக்குறிப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் கல்விப்புலம், அதே ஆய்வேட்டின் வரைபடத்தில் மேற்கோள்கள் அனைத்தும் அறுந்து கிடந்தாலும் கையொப்பமிட்டு ஏற்றுக்கொள்கிறது. கோயிற்கட்டடக்கலை, தொல்லியல், கல்வெட்டியல் ஆகிய துறைகளில் அளவீட்டு வரைபடத்தை நம்பி வாதம் கட்டும் ஆய்வுகள் பெருகிவிட்டன. அவ்வரைபடம் ஒற்றைக் கோப்பு அன்று என்னும் எளிய உண்மை மட்டும் விதி வகுப்போருக்கு இன்னும் எட்டவில்லை.

ஆட்டோகேட் மென்பொருளின் 11ஆம் பதிப்பு 1990இல் 'எக்ஸ்ரெஃப்' என்னும் புறமேற்கோள் வசதியைக் கொண்டுவந்தது. கோயிலின் பொதுத் தளவரைபடம் ஒரு கோப்பு. விமானம், திருச்சுற்று, கல்வெட்டுகளின் இருப்பிடம் ஆகியவை தனித்தனிக் கோப்புகள். முதற்கோப்பு மற்றவற்றைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை. அவை எங்கே உள்ளன என்னும் பாதையை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. பாதை தவறினால் விமானம் இருக்கவேண்டிய இடத்தில் பாதையின் பெயர் ஒரு வரியாக நிற்கும். லேசர் ஸ்கேன் தரவின் நிலையும் இதுவே. ஆர்.சி.பி. கோப்பு வெறும் அட்டவணை; புள்ளிகள் ஆர்.சி.எஸ். கோப்புகளில் உள்ளன. அட்டவணையை மட்டும் பென்டிரைவில் கொடுத்துவிட்டுத் 'தரவை ஒப்படைத்தேன்' என்பது, நூலடைவை மட்டும் கொடுத்துவிட்டு நூலகத்தையே வழங்கியதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இது ஏன் அற்பச் சிக்கல் அன்று என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டாரமே காட்டும். திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ஏழுநிலை இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அதன் இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கும் கண்டது. ஆனால் 1516ஆம் ஆண்டின் கோபுரத்தை இனி எவரும் அளக்க இயலாது. அதற்கு முன்னர் அளந்தோரின் தாள்களும் கோப்புகளுமே எஞ்சிய சான்று. அத்தகைய கோப்பு ஒன்று இணைப்பறுந்து திறக்குமாயின் இழப்பு இரண்டாம் முறை நிகழ்கிறது.

அடுத்தது பெயரின் சிக்கல். குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்ளலாம். அதன் பாணர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை வெங்கையா 'எபிகிராபியா இண்டிகா' 11ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் வந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. எதிர்த்திசையில், திருத்தணி 1960இல் சித்தூரிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆண்டையும் வரிசை எண்ணையும் மட்டும் கொண்டு சுட்டப்படும் கல்வெட்டு இத்தனை மாற்றங்களையும் தாண்டி இன்றும் கிடைக்கிறது. இன்றைய ஆய்வாளரோ டி டிரைவில் 'சித்தூர்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதன் முழுப் பாதையை வரைபடத்தில் பதிக்கிறார். மாவட்டம் பிரிந்த பின் ஃபோல்டரின் பெயரைத் 'திருப்பதி' என்று மாற்றிய கணமே அத்தனை மேற்கோள்களும் அறுகின்றன. ஆங்கிலேயர் கால எழுத்தர்கள் பெற்றிருந்த முன்னறிவு கணினி கற்ற தலைமுறைக்கு வாய்க்கவில்லை போலும்.

முழுப் பாதை முகவரியைப் போன்றது. சார்புப் பாதை சுட்டைப் போன்றது. 'இதன் அருகில்', 'இதற்கு ஒருபடி மேல்' என்று பேசும் சார்புப் பாதை, பேசுவோன் எங்குச் சென்றாலும் அவனோடு செல்லும். அ, இ, உ என்னும் சுட்டுகளை எழுத்ததிகாரத்திலேயே வகுத்த மரபினருக்கு இவ்வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ! ஆட்டோகேட் 2018ஆம் பதிப்பு சார்புப் பாதையையே இயல்பிருப்பாக்கிவிட்டது. எனினும் பழைய கோப்புகளில் பதிந்த முழுப் பாதைகள் தாமாகத் திருந்துவதில்லை. மேற்கோள் வேறொரு டிரைவில் கிடந்தால் சார்புப் பாதையும் உதவாது.

'எல்லாவற்றையும் பைண்ட் செய்து ஒரே கோப்பாக்கினால் போதும்' என்பது ஆய்வகங்களில் கேட்கும் வழக்கமான மறுமொழி. இதுவே ஆபத்தான மறுமொழி. இணைப்பில் இருக்கும்வரை ஒவ்வொரு லேயரும் தான் வந்த கோப்பின் பெயரை முன்னே தாங்கி, இடையில் ஒரு நிலைக்கோட்டுடன் நிற்கும். பைண்ட் செய்தால் அக்கோட்டின் இடத்தில் டாலர், சுழியம், டாலர் என்னும் குறிகள் அமரும். பெயர் விகாரப்பட்டாலும் மூலத்தை ஊகிக்கலாம். 'இன்சர்ட்' முறையைத் தேர்ந்தாலோ முன்னொட்டே கெடும். ஒரே பெயருடைய லேயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்தக் கோடு யார் அளந்தது, எந்தக் கோடு பழைய அச்சுப்படத்தின் மேல் வரைந்தது என்பதைப் பிறகு எவராலும் பிரித்தறிய இயலாது.

தமிழ்க் கல்தச்சர் இச்சிக்கலை அறிந்திருந்தனர். திருமழபாடியில் முதலாம் இராசராசன் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, கல்வெட்டுகள் முதலில் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டு, இராசேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் ஏறின. திருமலையிலும் பழைய கல்வெட்டுகள் திருப்பணிக்குப் பின் புதிய சுவரில் மறுபடி பொறிக்கப்பட்டன. இவ்வாறு ஏறிய கல்வெட்டுகள் பல, தாம் பழங்கல்லின் படி என்பதைத் தாமே கூறும். அதுவும் பைண்ட்தான், ஆனால் மூலத்தை மறைக்காத பைண்ட். இறுதிப்படி ஒன்றை இவ்வாறு குறிப்புடன் கட்டித் தருவதில் பிழையில்லை. மூலக் கோப்புகளை அழித்துவிட்டு அதை மட்டும் தருவதே பிழை.

எழுத்துருவும் மேற்கோளே. தெலுங்கு வழங்கும் நாட்டில் தமிழ்க் கல்வெட்டு நிற்கும் இவ்வட்டாரத்தின் வரைபடங்களில் இரு மொழிகளும் ஆங்கிலமும் அருகருகே அமர்கின்றன. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இட்ட கல்வெட்டு வாசகம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகச் சிதறும். யூனிகோடில் இருந்தும் தமிழ் அறியாத எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருவில் சிக்கினால் வினாக்குறிகளே எஞ்சும். அளவுகள் பிழைக்கும், வாசகம் சாகும். அளவை மட்டும் காக்கும் ஆய்வுக்குக் கல்வெட்டியல் என்று பெயரிடுவது எங்ஙனம்?

'பி.டி.எஃப். இருக்கிறதே' என்பாரும் உளர். சோத்கங்கா களஞ்சியத்தில் ஆய்வேடுகள் அவ்வடிவிலேயே ஏறுகின்றன. படிப்பதற்கு அது போதும். சரிபார்ப்பதற்குப் போதாது. அச்சுத் தாளில் நீளத்தை அளக்கலாம். அக்கோடு எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்பதை அத்தாள் சொல்லாது.

'இவையெல்லாம் டிராஃப்ட்ஸ்மேன் வேலை, ஆய்வாளருக்கு உரியன அல்ல' என்னும் பேராசிரியக் குரலுக்கு மட்டும் கடுமையாகவே விடை சொல்லவேண்டும். கையால் செய்யும் வேலை அறிவுக்குப் புறம்பு என்னும் பழைய இழிவெண்ணம் அக்குரலில் ஒலிக்கிறது. வரைபடத்தைச் சான்றாக வைத்து வாதிடும்போது அது ஆய்வாளருடையது. அதன் மேற்கோள்கள் அறுந்தால் மட்டும் அது வரைவாளருடையதா?

செய்யவேண்டியது பெரிதன்று. 'இ-டிரான்ஸ்மிட்' கட்டளை முதற்கோப்பையும் அது சுட்டும் கோப்புகளையும், தெரிவு செய்தால் எழுத்துருக்களையும் ஒரே தொகுப்பாகக் கட்டித் தரும். எவை சேர்ந்தன என்னும் அறிக்கையும் தரும். அவ்வறிக்கையை ஆய்வேட்டின் பின்னிணைப்பாக்கலாம். யார், எந்நாளில், எக்கருவியால் அளந்தார் என்பதை ஒரு எளிய உரைக்கோப்பில் எழுதி உடன்வைக்கலாம். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் அத்தொகுப்பைத் தம் சொந்தக் கணினியில், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, அனைவர் முன்னிலையிலும் திறந்து பார்க்கட்டும். விமானம் தெரிந்தால் முதற்கேள்விக்குச் செல்லலாம்.