பிழை என்று மட்டும் சொன்னால் போதுமா?

நம் ஆய்வகத்து சி நிரல்களில் பெரும்பாலானவை, கோளாறு நேர்ந்தால் "பிழை" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றன. எந்தக் கோப்பு? எத்தனையாவது வரி? வீட்டில் கேட்க ஆளில்லாமல், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த என் போன்றோர்க்கு அந்தச் செய்திதானே ஆசான்!

வழி 1989ஆம் ஆண்டின் சி தர வரையறையிலேயே உண்டு. பிழைக்கென ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதி, வடிவச் சரத்தை அடுத்து மூன்று புள்ளி வையுங்கள். விஏ_ஸ்டார்ட் போட்டு, வந்த மதிப்புகளை விஎஃப்பிரிண்ட்எஃப்பிடம் ஒப்படைத்து, விஏ_எண்ட் என்று முடித்தால் ஆயிற்று. பத்து வரிகூட வராது. ஒன்று: எத்தனை மதிப்புகள் வந்தன என்று அதற்குத் தெரியாது, வடிவச் சரத்தையே நம்பும். எண்ணுக்குரிய குறியிட்டுச் சொல்லை அனுப்பினால் விபரீதந்தான்.

செய்முறைத் தேர்வில் விடைக்கு மட்டுமன்றி இச்செய்திக்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.