மறுப்புச் சீட்டை மடித்து வைக்காதீர்கள்!



உங்கள் கடைக்கு ஜி.எஸ்.டி. அதிகாரியிடமிருந்து ஓர் உத்தரவு வருகிறது. இரண்டு லட்ச ரூபாய் வரி பாக்கி, கட்டு என்கிறது. என்ன செய்வீர்கள்? அதிகாரி சொல்லிவிட்டார் என்று தலையைக் குனிந்து கட்டிவிடுவீர்களா? அன்று மாலையே ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்பீர்கள்! மூன்று மாதத்திற்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் நம் வியாபாரிகளுக்கு மனப்பாடம்.

அதே கடை வாசலில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சகோதரர் வந்து நிற்கிறார். முன்பு பஜாரில் தள்ளுவண்டி தள்ளியவர். விபத்துக்குப் பின் வலது கை வேலை செய்யவில்லை. நீங்களும் பத்தோ இருபதோ கொடுக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவான். ஆனால் என்றாவது அவரை உட்கார வைத்து, "உங்களுக்கு அரசு உதவித்தொகை வருகிறதா பாய்?" என்று கேட்டதுண்டா?

நான் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மருத்துவ முகாமில் கொடுத்தது. ஊனம் 35 சதவீதம் என்று எழுதியிருந்தது. "நாற்பது இருந்தால்தானாம், போகச் சொல்லிவிட்டார்கள்" என்றார். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். விரல்களில் பிடி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லையாம். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் எடுத்த நரம்புப் பரிசோதனைத் தாள்களை அவரும் கொண்டு போகவில்லை. எடுத்து வரச் சொல்ல வீட்டில் படித்தவர் யாருமில்லை.

ஐந்து சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத் திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 18,000 ரூபாய். மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அந்த ஐந்து சதவீதத்தின் விலை இதுதான். உங்கள் கடை வாசலில் ஆண்டு முழுவதும் நின்றாலும் அவருக்கு இவ்வளவு கிடைக்குமா?

அந்தத் தாளோடு கதை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக் கொண்டிருக்கிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 59ஆவது பிரிவைப் பாருங்கள். சான்று வழங்கும் அதிகாரியின் முடிவில் குறை உள்ளவர் எவரும், மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். சான்று இல்லை என்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் கீழுள்ள விதி. வாயால் "இல்லை, போ" என்று சொல்வது மறுப்பே ஆகாது. எழுதிக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், கெடு எத்தனை நாள், யாரிடம் மனு கொடுப்பது என்பதை மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.

சான்று கையில் இருந்தும் ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் அது வேறு வழக்கு. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் மறுத்தால் கோட்டாட்சியரிடம் செல்லுங்கள். அங்கும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் மனுக் கொடுங்கள். வருவாய்த்துறை ஓய்வூதியம் வேறு, மாற்றுத் திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை வேறு. கடும் ஊனத்திற்கு 75 சதவீதம் கேட்பது பின்னது. ஒரு அலுவலகத்தில் இல்லை என்றதும் இரண்டுமே இல்லை என்று திரும்பி வந்தவர்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்!

மனு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்கிறீர்களா? மாற்றுத் திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம்.

இன்னொன்று. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகை ஊனங்களே இருந்தன. இப்போதுள்ள சட்டத்தில் 21 வகைகள். தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் நோய், ஆட்டிசம் எல்லாம் இதில் அடங்கும். அந்தக் காலத்தில் "இது ஊனமே இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் புதிதாகவே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

"அரசாங்கத்திடம் கையேந்துவதா?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பள்ளிவாசல் வாசலில் கையேந்தும்போது சுளிக்காத முகம் இங்கே ஏன் சுளிக்கிறது? உரிமையைக் கேட்பது யாசகம் அல்ல. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். கணவர் சொன்ன ஒரு சொல்லால் தம் குடும்பம் சிதைவதை ஏற்காமல், நபி (ஸல்) அவர்களிடமே மீண்டும் மீண்டும் முறையிட்டவர் அந்தப் பெண்மணி. வாதாடிய அவரை அல்லாஹ் கண்டிக்கவில்லை. அவரது முறையீட்டைச் செவியுற்று வஹீ இறக்கினான். திருக்குர்ஆனின் 58ஆவது அத்தியாயத்திற்கு அந்த வாதத்தை வைத்தே பெயர் அமைந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "ஐயாயிரம் கொடு, எண்பது சதவீதம் வாங்கித் தருகிறேன்" என்று அலுவலக வாசலில் தரகர்கள் திரிகிறார்கள். அது ஹராம். பொய்யாகச் சலுகை பெற்றால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அதே சட்டத்தின் 91ஆவது பிரிவு. உண்மையில் 35தான் என்று மறுபரிசோதனை சொன்னால் அதை ஏற்றுக் கொள்ள வேண்டியதுதான்.

இளைஞர்களே! சுவரொட்டி ஒட்ட இரவு முழுவதும் விழிக்கிறீர்கள். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தாருங்கள். ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் ஒரு மேசை போடுங்கள். மறுப்புச் சீட்டு வைத்திருப்போரை அழைத்து உட்கார வையுங்கள். பழைய மருத்துவத் தாள்களைத் தேடி எடுத்து நகல் போடுங்கள். மனுவில் "கருணை கூர்ந்து" என்று எழுதாதீர்கள். எந்த முடிவு, எந்தத் தேதி, எது தவறு என்று எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்திற்குக் கூடவே போங்கள். வியாபாரிகளே! ஆட்டோ கூலியும் நகல் செலவும் உங்கள் பொறுப்பு. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் இரவல் கேட்டாலும் போதும்.

அந்தத் தள்ளுவண்டிச் சகோதரரின் நரம்புப் பரிசோதனைத் தாள்கள் பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தன. போன திங்கட்கிழமை இரண்டு இளைஞர்களோடு போய் மனுக் கொடுத்திருக்கிறார். ரசீது வாங்கியாயிற்று.