உப்பைக் குறைக்க வேண்டியது யார்?

"பிரஷரா? உப்பைக் குறைங்க. கொலஸ்ட்ராலா? கொழுப்பைக் குறைங்க." டாக்டர் சொல்வார், கேட்டவரும் தலையாட்டுவார். அடுத்த வாரமே பழைய கதைதான். அவருக்கு மன உறுதி இல்லை என்று நாம் திட்டுவோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை நண்பர்களே.

பின்லாந்தில் வடக்கு கரேலியா என்று ஒரு பகுதி. பால் பண்ணைகள் அதிகம். ரொட்டியில் கனமாக வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், தூக்கலான உப்பு, கூடவே சிகரெட். நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் இறப்பது அங்கே சர்வசாதாரணம். 1971ல் ஊர்க்காரர்களே அரசிடம் மனு கொடுத்தார்கள். 1972ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது.

அவர் நோயாளிகளுக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டுப் போகவில்லை. பெண்கள் சங்கத்தினர் ஊர் ஊராகக் காய்கறி சமைத்து விருந்து வைத்தார்கள். சாசேஜ் தயாரிப்பவர்கள் கொழுப்பையும் உப்பையும் குறைத்தார்கள். கொலஸ்ட்ராலை யார் அதிகம் குறைப்பது என்று கிராமங்களுக்குள் போட்டிகூட நடந்தது! சுமார் 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. சிகிச்சையும் உதவியது. ஆனால் பெரும்பங்கு பழக்கம் மாறியதற்குத்தான்.

நாம் என்ன செய்கிறோம்? அப்பாவுக்கு மட்டும் உப்பு குறைந்த தனிக் குழம்பு. பக்கத்திலேயே உட்கார்ந்து நாம் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிடுகிறோம். அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நோயாளிக்கு மட்டுமல்ல, பெரியவர்கள் எல்லோருக்கும்தான்.

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஆனால் தனிக் குழம்பை இன்றே நிறுத்துங்கள். வீட்டுக்கே ஒரே குழம்பு, உப்பு குறைவாக!