பெயர் ஒட்டுவதும் மருத்துவம்தான்

உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால், “டாக்டர் படிப்பா?” என்று கேட்பார்கள். இல்லை, ஆய்வுக்கூடப் பணிக்கான படிப்பு என்றால், “ஓ, போத்தலில் பெயர் ஒட்டும் வேலையா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யாரும் இதைக் கேலியாகச் சொல்வதில்லை. ஆனாலும், அந்த வேலையை நாம் எவ்வளவு குறைவாக எடைபோடுகிறோம் என்பதற்கு இந்தக் கேள்வியே சான்று.

மார்பிலோ குடலிலோ உள்ள கட்டி புற்றுநோயா என்பதை உறுதிசெய்ய, பெரும்பாலும் திசுப் பரிசோதனை தேவைப்படும். மருத்துவர் வெட்டியெடுத்த சிறு துண்டு, கெடாமல் இருக்க ஃபார்மலின் போத்தலுக்குள் போகிறது. ஆய்வுக்கூடத்தில் அது கேசட் எனப்படும் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுகிறது. ஆல்கஹாலும் ஸைலீனும் அதிலுள்ள நீரை அகற்றி வழிவிட, உருகிய மெழுகு உள்ளே இறங்குகிறது. உறைந்த மெழுகுக் கட்டியை 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுத்துச் சாயமேற்றுகிறார்கள்.

போத்தல், கேசட், கண்ணாடிச் சில்லு என ஒவ்வொன்றுக்கும் மாறும்போது நோயாளியின் அடையாளமும் கூடவே மாறியாக வேண்டும். மூடி கழன்று வேறு போத்தலுக்குப் போய்விடலாம் என்பதால், லேபிளை மூடியில் ஒட்டாமல் போத்தலின் உடலில்தான் ஒட்டவேண்டும். சாதாரணப் பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்பதால், கேசட்டில் கையால் எழுதினால் பென்சில்தான். ஒருவரின் மாதிரியை முடித்த பிறகே அடுத்தவருடையதைத் தொடவேண்டும்.

நுண்ணோக்கியில் பார்க்கும் நிபுணருக்கு நோயாளியின் முகம் தெரியாது. அந்தச் செல்கள் புற்றுநோய்ச் செல்களா என்று அவர் சொல்வார். அவை யாருடையவை என்று சொல்வது லேபிள்தான். இரண்டு லேபிள்கள் இடம் மாறினால் பாதிக்கப்படுவது இருவர். ஒருவருக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சை நடக்கலாம். நோய் உள்ள மற்றவர் “ஒன்றுமில்லை” என்ற நிம்மதியோடு வீடு திரும்பலாம். இரத்தத்தை மறுபடியும் எடுக்கலாம். முழுதாக வெட்டியெடுத்த சிறு கட்டியை மறுபடியும் எங்கிருந்து எடுப்பது?

பார்கோடு வந்த பிறகு இதற்கு ஏன் கவலை என்று சிலர் கேட்கலாம். பார்கோடு தவறுகளைக் குறைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் போத்தலில் தவறான லேபிளை ஒட்டிவிட்டால், இயந்திரம் அந்தத் தவறையே கடைசிவரை பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதல் லேபிளை ஒட்டுவது மனிதக் கைதான்.

இதில் மலேசியத் தமிழர்களான நமக்குத் தனி அக்கறை வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர்தான். ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி, இரண்டு கணேசன் இருப்பது அதிசயமன்று. அதே லெட்சுமியை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். பெயரை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் 12 இலக்க அடையாள அட்டை எண்ணையும் கேட்கிறார்கள். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், நோயாளியின் முன்னிலையிலேயே லேபிள் ஒட்டவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இலேயே வலியுறுத்தியது.

ஆகவே, தாதி மூன்றாவது முறையாகப் பெயர் கேட்டால் “எத்தனை தடவை சொல்வது?” என்று சலித்துக்கொள்ள வேண்டாம். தாத்தா, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் இளையர்களுக்கும் இதில் பங்குண்டு. லேபிளில் உள்ள மலாயையோ ஆங்கிலத்தையோ அவர்களால் வாசிக்க முடியாமல் இருக்கலாம், நம்மால் முடியும். பெயரும் எண்ணும் சரியா, இடப்பக்கமா வலப்பக்கமா என்று எழுதியது சரியா என்று ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். கேட்க வெட்கப்படத் தேவையில்லை.