தொழுகிறாயா என்று கேட்பதற்கு முன்

"சாக நினைக்கிறவரை யாரால் தடுக்க முடியும்?" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டின் அண்மைக்கால வரலாறு அதை மறுக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அன்று உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. பத்து வருடங்களில் அது பாதியாகியது. பிறகு இன்னும் இறங்கியது. இடையில் யுத்தமும் சுனாமியும் வந்துபோன காலம் அது. மக்கள் திடீரென மகிழ்ச்சியில் மூழ்கிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். மனிதருக்கு மிகக் கொடிய நஞ்சாக இருந்த பீடைநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. வயலில் விளைச்சல் குறையவில்லை, ஜனாஸாக்கள் குறைந்தன. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளார்கள். ஒரு பெரிய நகரத்தின் சனத்தொகை அது.

இதை நான் பெற்றோருக்காகத்தான் முதலில் எழுதுகிறேன். ஏனென்றால் இதற்குள் ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் ஓர் அலைபோல வருகிறது. மிகக் கடுமையான கட்டம் சில மணித்தியாலங்கள், சிலவேளை சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால், பக்கத்தில் ஓர் ஆள் இருந்துவிட்டால், அலை கடந்துபோய்விடுகிறது. முயற்சி செய்து உயிர் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே "அவள் முடிவெடுத்துவிட்டாள்" என்று நாம் நினைக்கும் பிள்ளை உண்மையில் எதையும் முடிவெடுக்கவில்லை. அவள் வலியில் இருக்கிறாள்.

சட்டமும் இதைப் புரிந்துகொண்டது. முன்பு தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் குற்றம். உயிர் தப்பியவர் சிறைக்கும் போகலாம். 1998இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பு! ஆனால் ஊரின் நீதிமன்றம் இன்னும் கலையவில்லை. அங்கு விசாரணை தினமும் நடக்கிறது. "அந்தப் புள்ளைக்கு என்னவாம்?", "யாரோடயும் தொடர்பாமா?", "இனி யார் கலியாணம் பேசி வருவா?" இதற்குப் பயந்தே நம் வீடுகளில் பல உம்மாமார் மகளின் அழுகையை அறைக்குள் பூட்டிவைக்கிறார்கள். தூக்கமில்லை என்றால் பார்வை பட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஓதிய தண்ணீர். துஆவில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஓதிப் பார்ப்பதையும் நான் குறை சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் ஓதிவிட்டு வைத்தியரிடமும் கூட்டிப்போகிறோம் அல்லவா? மனம் சுகமில்லாதபோது மட்டும் ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறோம்? எல்லா நோய்க்கும் மருந்து இருக்கிறது, சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது மனத்தின் நோயைத் தனியாக ஒதுக்கவில்லையே.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, உயர்தர வகுப்புதான், "வாழவே பிடிக்கவில்லை" என்று வீட்டில் ஒரு தடவை வாய் திறந்தாள். கிடைத்த முதல் பதில் "அஸ்தஃபிருல்லாஹ், நீ ஒழுங்காத் தொழுறியா?" என்பது. இரண்டாவது, "அது ஹராம் எண்டு தெரியாதா?" அவளுக்குத் தெரியும். அந்தப் பயமும் வலியோடு சேர்ந்து அவளை அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை. பதில் சொன்னவர்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஹராம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்நிஸா அத்தியாயத்தில் உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்று தடுக்கும் வசனம், அல்லாஹ் உங்கள் மீது இரக்கமுள்ளவன் என்று சொல்லித்தான் முடிகிறது. நாம் முதற்பகுதியை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம்.

மர்யம் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். பிரசவ வேதனையில், தன்னந்தனியாக, பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா, முற்றாக மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று சொன்னவர் அவர். பெண்களில் மிக உயர்ந்தவர்களில் ஒருவர். அந்த வார்த்தைக்காக அவரை அல்லாஹ் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே என்ற குரல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. மரத்தை உலுக்கினால் பழம். சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. அதைவிட எனக்கு வியப்பானது, இன்று எந்த மனிதருடனும் பேசமாட்டேன் என்று சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஊருக்குப் பதில் சொல்லும் சுமை அன்றைக்கு அவரிடமிருந்து இறக்கப்பட்டுவிட்டது. நம் வீடுகளில் முதலில் ஏற்றப்படுவதே அந்தச் சுமைதான்.

நபி யஃகூப் (அலை) மகனைப் பிரிந்த துக்கத்தில் பார்வையையே இழந்தார்கள். அவர்களுடைய ஈமான் குறைந்துவிட்டது என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

பெற்றோர் நேரடியாகக் கேட்கப் பயப்படுகிறார்கள், கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று. அப்படி வருவதில்லை என்பதை மனநல வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "மகள், சாகணும் எண்டு நெனப்பு வருதா?" என்று மெதுவாகக் கேட்கலாம். "ஓம்" என்று பதில் வந்தால் புத்திமதி சொல்ல வேண்டாம். கூடவே இருங்கள், அன்றிரவு தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மருந்துகளையும் நஞ்சுப் பொருட்களையும் பூட்டிவிடுங்கள். நாடு வயலில் செய்ததை நாம் அலுமாரியில் செய்யலாம். மறுநாள் வைத்தியசாலை. அதற்கு அங்கொடைக்குப் போகத் தேவையில்லை. (அந்த ஊரின் பெயரை நாம் ஏச்சாக ஆக்கிவைத்திருப்பதே ஒரு வெட்கம்.) மாவட்ட வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவு உண்டு, இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் இருக்கிறது, பேசியதை வெளியில் சொல்லமாட்டார்கள்.

பாடசாலைகளைப் பற்றியும் ஒன்று. பல பாடசாலைகளில் ஆலோசனை அறை அலுவலகத்தை ஒட்டியே இருக்கிறது. உள்ளே போகிறவளை இடைவேளையில் முழுப் பாடசாலையும் பார்க்கும். ஆலோசனை சொல்பவரே நமக்குப் பாடமெடுத்து, பெற்றோர் கூட்டத்தில் உம்மாவிடம் புள்ளி அறிக்கையைக் கொடுக்கும் ஆசிரியையாகவும் இருப்பார். எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் யார் போய் மனம் திறப்பாள்? அறையை நூலகத்துக்குப் பின்னால் மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள் வைத்தியசாலையிலிருந்து தமிழ் பேசும் ஒருவரை வரவழைக்க ஒரு கடிதம் போதும்.

அடுத்த பெறுபேறு வெளிவரும் இரவில் எத்தனையோ வீடுகளில் தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கும். எல்லோரும் கேட்பது இஸட் புள்ளியைத்தான். வாப்பாமாரே, அன்று ஒரு நாள் தொலைபேசியை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாச்சிக்கும் மாமிக்கும் நாளைக்குப் பதில் சொல்லலாம். மகள் சாப்பிட்டாளா என்று பாருங்கள்.